ஆவாரை பூத்துவிட்டது

காங்கயம்
கார்த்திகை 5

அன்புள்ள மல்லிகா,

உங்கள் தெலங்கானாவில் பூக்களை அடுக்கிக் கொண்டாடும் பதுக்கம்மா திருவிழாவில் எடுத்த படம் வந்து சேர்ந்தது. பேத்தியின் முகத்தைப் பார்த்து முடித்ததும் கண் போனது தட்டில் அடுக்கியிருந்த மஞ்சள் பூவின் மேல்தான். நம் ஆவாரம்பூ! அங்கே அதைத் தங்கேடு என்கிறார்கள், மாநில மலரே அதுதான் என்று நீ எழுதியதைப் படித்து மனம் நிறைந்துபோனது.

மார்கழிக் கடைசி நாளில் காப்புக் கட்ட நாம் இருவரும் கரட்டுக்குப் போய் ஆவாரையும் பூளைப்பூவும் ஒடித்து வந்தோமே, அந்த இடமெல்லாம் இப்போது மனைகள். சில ஆண்டுகளாகச் சந்தையில் கட்டு வாங்கித்தான் வாசலில் செருகினேன். அது பொறுக்காமல்தான் வீட்டிலேயே வளர்க்கத் துணிந்தேன்.

முதலில் சாலையோரச் செடி ஒன்றைப் பிடுங்கி வந்து நட்டேன். ஆணிவேர் அறுந்த செடி பத்து நாளில் கருகிவிட்டது. அடுத்து விதை. அதன் தோல் கல் போன்றது. அப்படியே போட்டால் எளிதில் முளைக்காது. கொதித்த நீரை இறக்கி, விதைகளைப் போட்டு, இரவு முழுவதும் ஊறவிட்டேன். புரட்டாசியில் குழிக்கு மூன்றாக, செடி நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றினேன். மழை பிடித்துக்கொண்டது. முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு குடம் ஊற்றினேன். அதற்குப் பிறகு தண்ணீரே காட்டவில்லை. தண்ணீர் தேங்கினால்தான் அதற்கு ஆபத்து. ஆடுகளும் அதிகம் சீண்டுவதில்லை.

மூன்றாம் ஆண்டான இப்போது இடுப்புயரம் நின்று பூக்கிறது. காலையில் கருவண்டுகள் வருகின்றன. இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான். வண்டு பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைக்கிறது. மகரந்தப்பையின் நுனித் துளையிலிருந்து தூள் கொட்டுகிறது. அந்த ரீங்காரம் திண்ணை வரை கேட்கும். காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். இலையைப் பச்சைப் புழுக்கள் தின்கின்றன, மருந்து அடிக்கவில்லை. வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் பிள்ளைகள் அவை. தின்றது போக மறுபடி துளிர்த்துக்கொள்கிறது.

நீயும் உன் வீட்டு மதிலோரம் வைத்துவிடு. தட்டைக் காய் பழுத்துக் காகிதம் போலச் சலசலக்கும்போது பறி. வெயில் நன்றாக விழும் இடமாகப் பார்த்துக்கொள்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? முடிந்தால் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடு. காப்புக் கட்ட இந்த ஆண்டு நம் செடியிலேயே ஒடிக்கலாம்.

அன்புடன்,
சரசு