நள்ளிரவு மீடியம் வேவ்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு அங்கே டென்னசியில், நாக்ஸ்வில்லிலேயே வேலை அமைந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, மாடிப்படி மட்டும் இன்னும் ஏறுவதில்லை.

நீ வாங்கிய பழைய பிக்கப் வண்டியில் கம்பெனி ரேடியோ அப்படியே இருக்கிறது என்று படித்ததும் கை பரபரத்தது. அந்தக் காலத்து டிரக் டிரைவர்கள் ராத்திரி முழுக்க ஒரே ஸ்டேஷனை எப்படிக் கேட்டார்கள், உனக்கு மட்டும் ஏன் இரைச்சலாக வருகிறது என்று கேட்டிருந்தாய். முதலாவதற்குப் பதில் வானத்தில் இருக்கிறது. இரண்டாவதற்கு உன் வண்டியில்.

பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், வெயிலால் மின்னேற்றம் பெற்ற காற்று ஒரு அடுக்காக இருக்கும். டி அடுக்கு என்பார்கள். அது மீடியம் வேவ் அலையை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அது கரைந்துபோகும். அலை அதற்கும் மேலே போய்த் திரும்பித் தரைக்கு வரும். நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூ.டபிள்யூ.எல். (870 கிலோஹெர்ட்ஸ்), டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த்தின் டபிள்யூ.பி.ஏ.பி. (820), சின்சினாட்டியின் டபிள்யூ.எல்.டபிள்யூ. (700) மூன்றும் 50 கிலோவாட் நிலையங்கள். ராத்திரியில் அந்த அலைவரிசைகளில் மற்றவர்கள் குறுக்கிடாதபடி பாதுகாப்பும் இருந்தது. டிரக் டிரைவர்களுக்கான ராத்திரி நிகழ்ச்சியை பில் மேக் 1969-இல் ஃபோர்ட் வொர்த்தில் தொடங்கினார். 1970-களின் தொடக்கத்தில் சார்லி டக்ளஸ் நியூ ஆர்லியன்ஸில் 'ரோட் கேங்' நிகழ்ச்சியை நடத்தினார், பிறகு டேவ் நீமோ வந்தார். சின்சினாட்டியில் டேல் சாமர்ஸ் 1984 முதல். ராத்திரி டெக்சாஸில் கிளம்பியவன் விடியும்போது டென்னசியில் இருந்தாலும் முள்ளைத் தொட வேண்டியதில்லை.

பாட்டுக்காக மட்டும் அதைக் கேட்டார்கள் என்று நினைக்காதே. ஐ-40 நெடுஞ்சாலையில் எங்கே பனி உறைந்திருக்கிறது, எந்தக் கணவாய் மூடியிருக்கிறது என்று நெடுஞ்சாலை எண்ணைச் சொல்லி வானிலை சொன்னார்கள். வழியில் நிற்கும் டிரைவர்கள் போன் போட்டுத் தகவல் சேர்த்தார்கள். உள்ளூர் ஸ்டேஷனுக்குத் தன் மாவட்டத்து மழைதான் கணக்கு. இவர்களுக்கு அடுத்த 800 கிலோமீட்டர் கணக்கு.

இனி உன் ரேடியோ. இன்ஜினை அணைத்து, சாவியை ஆக்சசரியில் மட்டும் வைத்துக் கேள். இரைச்சல் அப்போதும் இருந்தால் போன் சார்ஜர், புதிதாக மாட்டிய எல்.ஈ.டி. விளக்கு எல்லாவற்றையும் கழற்றிப் பார். இன்ஜின் ஓடும்போது மட்டும் வந்து, ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து ஏறும் சீழ்க்கை என்றால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகப்படு. மோட்டார் படகு மாதிரி 'பட் பட்' என்று அடித்தால் உள்ளே எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் காய்ந்திருக்கும். அதை மாற்றாமல் வேறு எதிலும் கை வைக்காதே.

அடுத்து ஆன்டெனா. அடிப்பகுதியில் துருப்பிடித்தால் பாடியோடு எர்த் விட்டுப்போகும். கேபிளின் வெளிச்சுற்றுக்கும் பாடிக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார், ஒரு ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கழற்றி, உலோகம் தெரியச் சுரண்டி மாட்டு.

பலரும் தவறவிடுவது டிரிம்மர், அதாவது ஆன்டெனாவுக்கு ஏற்ப ரேடியோவைச் சரிசெய்யும் திருகு. ஆன்டெனா சொருகும் துளைக்குப் பக்கத்திலோ டியூனிங் குமிழுக்குப் பின்னாலோ ஒரு சின்ன திருகு இருக்கும். ஆன்டெனாவை முழுக்க நீட்டி, 1400-க்குப் பக்கத்தில் மெலிதாகக் கேட்கும் ஒரு நிலையத்தில் முள்ளை நிறுத்தி, ஒலி உச்சத்துக்கு வரும்வரை பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் திருப்பு. இதைப் பகலில்தான் செய்ய வேண்டும். ராத்திரியில் சிக்னல் தானாகவே ஏறி இறங்கும், திருகினதாலா வானத்தாலா என்று தெரியாது. கேபிளின் கெபாசிடன்ஸும் (மின்னைத் தேக்கும் தன்மை) டியூனிங்கில் சேர்த்தி. அதனால் கேபிளை மாற்றினால் மறுபடி திருக வேண்டும். நீளமான எக்ஸ்டென்ஷன் போட்டால் எவ்வளவு திருகினாலும் உச்சம் கிடைக்காது.

இனி ராத்திரி தேடும் நேரம். ஃபோர்ட் வொர்த்தில் உனக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துத்தான் இருட்டும். பாதை முழுக்க இருள் வேண்டும், அதுவரை பொறு. இடி மின்னல் குறைந்த, ராத்திரி நீண்ட டிசம்பர், ஜனவரி நல்ல காலம். 650-இல் வரும் நாஷ்வில் நிலையம் பக்கத்திலேயே இருந்தும் குரல் கரகரத்து அமுங்கினால் ரேடியோவைத் திட்டாதே. தரை வழியாக வரும் அலையும் வானத்தில் திரும்பி வரும் அலையும் அந்தத் தூரத்தில் மோதிக்கொள்ளும்.

ஊரிலிருந்து கொண்டுபோன டிஜிட்டல் ரேடியோவில் தேடினாய் என்றால், ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். நம் பக்கம் அலைவரிசைகளுக்கு நடுவே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, அமெரிக்காவில் 10. அது 702, 819, 873 என்று நிற்கும், 700, 820, 870-இல் நிற்காது. மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் நகரத்தின் 1170 போன்ற சில மட்டும் இரண்டு கணக்குக்கும் பொருந்தும். 9/10 மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று தேடு.

1980-இல் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. அந்த ராத்திரிப் பாதுகாப்பைச் சுமார் 1,200 கிலோமீட்டருக்குச் சுருக்கி, அதே அலைவரிசைகளில் புது நிலையங்களுக்கு இடம் கொடுத்தது. 2001-இல் எக்ஸ்.எம். செயற்கைக்கோள் வானொலி வந்ததும் பில் மேக்கும் அங்கே போனார், நீமோவும் போனார். ஒலி சுத்தமாக, மங்காமல் வந்தது, ஆனால் சந்தா கட்டியவனுக்கு மட்டும். முன்பு டிரைவர் கேட்டதையே அவன் வீட்டுச் சமையலறை ரேடியோவிலும் அதே நொடியில் கேட்க முடிந்தது. அந்த இழப்பைச் சின்னதாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

870-உம் 820-உம் இப்போது பேச்சு நிலையங்கள். இருந்தாலும் பிடித்துப் பார். மணி முழுசாகும்போது அழைப்பெழுத்தும் ஊர்ப்பெயரும் சொல்வார்கள். என்ன கேட்டது, எத்தனை மணிக்கு, எவ்வளவு தெளிவாக என்று குறித்து எழுது. டிரிம்மர் திருகு அகப்படாவிட்டால் ரேடியோவின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
முருகேசன்