வேலை உடுப்பு ஆலையிலேயே இருக்கட்டும்

அன்புள்ள குமரனுக்கு,

மருமகளுக்கு ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டதென்று அம்மா சொன்னாள். ஊர்ச் செய்திகளை அவள் தனியே எழுதுவாள்.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பிரிவுக்கு நீ மேற்பார்வையாளனானதில் எனக்குப் பெருமைதான். அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்துத்தானே உன்னைப் படிக்க வைத்தேன். எழுத்துப் பெட்டியில் படிந்த சாம்பல் நிறத் தூசியை யாராவது வாயால் ஊதினால் எங்கள் ஃபோர்மேன் திட்டுவார். வாசலுக்குக் கொண்டுபோய்த் தட்டச் சொல்வார். கை கழுவாமல் வெற்றிலை போட விடமாட்டார். நாங்கள் தொட்டதோ ஆறிய ஈயம். உன் உலையில் அது 327 டிகிரியிலேயே உருகிவிடும். சூடு ஏற ஏற எழும் புகையும், தகடுகளை உடைக்கையில் பறக்கும் தூளும் மூச்சு வழியே இரத்தத்தில் சேரும். கையில் ஒட்டியது சோற்றோடு உள்ளே போகும். மூக்கில் கட்டும் கைக்குட்டை இதற்கெல்லாம் தடையாகாது. பெட்ரோலில் ஈயம் கலப்பதை 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நிறுத்தினார்கள். ஆனால் உலகில் பயன்படும் ஈயத்தின் பெரும்பகுதி பேட்டரிக்கே போவதால் உன் தொழில் நிற்கப்போவதில்லை. ஆகவே வேலை உடுப்பை ஆலையிலேயே மாற்று, குளித்துவிட்டுக் கிளம்பு.

உன் சட்டைகளை மருமகள் வாசலில் உதறிவிட்டுத்தான் ஊறவைக்கிறாளாம். அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னாள். காலர் மடிப்பிலும் செருப்பிலும் வண்டி சீட்டிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் அந்தத் தூள் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவைச் சேரக்கூடியது. எலும்பில் பல ஆண்டுகள் தங்கியிருந்து, கர்ப்ப காலத்தில் மறுபடி இரத்தத்துக்கு வருவதும் உண்டு. இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்கு இல்லையென்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக ஏற்கும் என்பதால் அவள் பால், கீரை, கேழ்வரகை விட வேண்டாம். துணி துவைக்கும் வேலையை அவளிடம் விடாதே.

ஆலையில் இரத்தம் எடுத்தார்கள் என்று நீதான் சொன்னாய். அதன் பிறகு போனில் மழையைப் பற்றியே பேசுகிறாய். ஈய நஞ்சு, சட்டப்படி அறிவித்தே ஆக வேண்டிய நோய். மறைப்பதற்கு அதில் வெட்கம் ஒன்றுமில்லை. எனக்கு எழுத மனமில்லையென்றால், அடுத்த செக்கப்பின்போது அந்த ரிப்போர்ட்டை மருமகளின் டாக்டரிடமாவது காட்டு. அதுவரை உடுப்பை ஆலையிலேயே மாற்று.

அன்புடன்,
அப்பா