'இரட்டிப்பு' என்று தலைப்பு வைக்கும் முன்

அன்புள்ள கயலுக்கு,

கட்டுரை வரைவைப் படித்தேன். 'எட்டே ஆண்டில் தனிநபர் வருமானம் இரட்டிப்பு' என்று முதல் வரியிலேயே போட்டுவிட்டாய். எண்ணில் தப்பில்லை. 2014-15-இல் 86,647 ரூபாய், 2022-23-இல் 1,72,000 ரூபாய் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகம்தான் வெளியிட்டது. ஆனால் அது நடப்பு விலையில், அதாவது அந்தந்த ஆண்டு விலையில் போட்ட கணக்கு. விலை ஏற்றத்தை நீக்க, நிலையான விலையில், அதாவது 2011-12 விலையில் போட்ட கணக்கும் கூடவே வந்தது, அதை நீ பார்க்கவில்லை: 72,805 ரூபாயிலிருந்து 98,118 ரூபாய். வளர்ச்சி 35 சதவீதம்தான், ஆண்டுக்கு 3.8 சதவீதம் போல வரும். மீதியெல்லாம் விலைவாசி. முதல் வரியில் நிலையான விலைக் கணக்கு வரட்டும். மற்றது வேண்டுமானால் கீழே எங்காவது இருக்கட்டும்.

அடுத்தது 'தனிநபர் வருமானம்' என்ற பெயர். கேட்பவர் தன் கைக்கு வரும் பணம் என்றுதான் நினைப்பார். 1,72,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 14,333 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 57,000-க்கு மேல். அதே 2022-23-க்கான குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வை எடுத்துப் பார். ஆள் ஒன்றுக்கு மாதச் செலவு கிராமத்தில் 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய். ஒன்று வருமானம், மற்றது செலவு, அதனால் சேமிப்பு அளவுக்கு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். பணக்கார வீடுகள் ஆய்வாளருக்குக் கதவைத் திறப்பதும் குறைவு. ஆனால் அவை மட்டும் காரணமில்லை. கம்பெனிகள் பங்குதாரருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட லாபமும், அரசுக்குப் போகும் வரியும் 'தனிநபர்' கணக்கில் சேர்ந்தே இருக்கின்றன. சொந்த வீட்டில் இருப்பவர் தனக்குத்தானே வாடகை கொடுப்பதாகப் பாவித்து ஒரு தொகையும் அதில் உண்டு. இந்த மொத்தத்தை மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். அந்த மக்கள்தொகையும் 2011 கணக்கெடுப்பை வைத்துக் கணித்த எண்தான்.

விலை ஏற்றத்தைக் கழிக்கும் இடத்தில்தான் நீ அதிக நேரம் செலவிட வேண்டும். 2023-24-க்கு 2024 மே மாதம் வந்த மதிப்பீட்டை எடுத்துக்கொள். ஜி.டி.பி., அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு, நடப்பு விலையில் 9.6 சதவீதம் வளர்ந்தது, நிலையான விலையில் 8.2 சதவீதம். அப்படியானால் விலை ஏற்றமாக அவர்கள் கழித்தது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. அதே ஆண்டு, குடும்பங்கள் வாங்கும் பொருட்களின் விலையை அளக்கும் நுகர்வோர் விலைக் குறியீடு சராசரியாக 5.4 சதவீதம் ஏறியது. மளிகைக் கடையில் நின்ற யாரும் அந்த ஆண்டு விலை ஒன்றரை சதவீதம்தான் ஏறியது என்று ஒப்ப மாட்டார்கள்.

இது எப்படி நேர்ந்தது என்பதற்கு ஒரு நூற்பாலையைக் கற்பனை செய். போன வருடம் 60 ரூபாய்க்குப் பஞ்சு வாங்கி, 100 ரூபாய்க்கு நூல் விற்றது. கூட்டிய மதிப்பு 40. இந்த வருடம் அதே அளவு பஞ்சு, அதே அளவு நூல். பஞ்சு விலை மட்டும் 10 சதவீதம் இறங்கி 54 ஆனது. நூல் விலை மாறவில்லை. இப்போது மதிப்பு 46. பஞ்சுக்குப் பஞ்சு விலையும் நூலுக்கு நூல் விலையும் தனித்தனியாகக் கழித்தால் நிலையான விலையில் மதிப்பு பழைய 40-தான் வரும், வளர்ச்சி பூஜ்யம். நூல் விலை ஒன்றையே வைத்துக் கழித்தால் 46 அப்படியே நிற்கும். ஒரு கண்டு நூல்கூடக் கூடாமல் 15 சதவீத வளர்ச்சி! 2011-12-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட ஜி.டி.பி. தொடரில் ஆலைத் தொழிலுக்கு இப்படி ஒற்றை விலைக் கழிப்புதான் பெரும்பாலும் நடந்தது, அதுவும் மொத்த வியாபார விலையை அளக்கும் மொத்த விலைக் குறியீட்டை வைத்து. 2023-24-இல் அந்தக் குறியீடு 0.7 சதவீதம் இறங்கியிருந்தது. மூலப்பொருள் விலை ஏறும் ஆண்டில் இதே பிசகு தலைகீழாகும், வளர்ச்சி குறைத்துக் காட்டப்படும். அதனால் யாரோ வேண்டுமென்றே ஊதிக் காட்டினார்கள் என்று எழுதிவிடாதே. நீ எடுத்த எட்டு ஆண்டுக் கணக்கில் அவர்கள் கழித்த விலை ஏற்றமும் நுகர்வோர் குறியீட்டின் ஏற்றமும் பெரிதாக விலகவில்லை. ஓராண்டுக் கணக்கில்தான் உஷாராக இருக்க வேண்டும்.

நீயே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு: 1.096-ஐ 1.054-ஆல் வகு. 1.04 வரும். குடும்பம் வாங்கும் பொருட்களின் விலையில் பார்த்தால் 4 சதவீதம், 8.2 அல்ல. மக்கள்தொகை வளர்ச்சியைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் குறையும். இதை 'உண்மையான ஜி.டி.பி. வளர்ச்சி' என்று எழுதாதே; ஜி.டி.பி.யில் இயந்திரமும் ஏற்றுமதியும் உண்டு, அவற்றுக்கு அரிசி விலை பொருந்தாது. வாங்கும் சக்தி எவ்வளவு கூடியது என்பதற்கு ஒரு தோராயம், அவ்வளவுதான். இன்னொன்று, அதே 2023-24 எண் 2025 பிப்ரவரியில் 9.2 என்றும், நடப்பு விலையில் 12.0 என்றும் திருத்தப்பட்டது. எந்த மாதத்து மதிப்பீடு என்று ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் குறித்துவை. இல்லாவிட்டால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கலந்து வளர்ச்சி கணக்கிடுவாய். இந்தத் தப்பைச் செய்யாத ஆளே இல்லை.

நுகர்வோர் குறியீடும் எல்லா வீட்டுக்கும் ஒன்றல்ல. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட தொடரில் உணவு, பானங்களின் எடை (நூறில் அவற்றின் பங்கு) கிராமத்தில் 54.18, நகரத்தில் 36.29. விவசாயக் கூலிக்காரருக்கான பழைய குறியீட்டில் உணவு மட்டும் ஏறக்குறைய 69. தக்காளியும் பருப்பும் ஏறும் ஆண்டில் கூலி வீட்டின் பணவீக்கம் உன் வீட்டைவிடக் கூடுதலாக இருக்கும். கூலி உயர்வைப் பற்றி எழுதும்போது அந்தக் குறியீட்டால்தான் கழிக்க வேண்டும்.

சராசரியைப் பற்றி உனக்குத் தெரியும், ஆனால் வாசகருக்குச் சொல்லியாக வேண்டும். பத்து வீடு. ஒன்பதில் மாதம் 10,000, பத்தாவதில் 1,10,000. சராசரி 20,000. பத்தாவது வீட்டுக்கு 40,000 கூடினால் சராசரி 24,000. 20 சதவீத வளர்ச்சி. ஒன்பது வீட்டில் ஒரு ரூபாய் கூடவில்லை. நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம் என்ன என்று சொல்ல நம்மிடம் ஆண்டுதோறும் வரும் அரசுக் கணக்கு இல்லை. அதனால் செலவு ஆய்வில் வரும் அடுக்கு அட்டவணையைப் பார்: 2022-23-இல் கிராமத்தின் அடித்தட்டு 5 சதவீதம் பேர் மாதம் 1,373 ரூபாய், நகரத்தின் மேல்தட்டு 5 சதவீதம் பேர் 20,824 ரூபாய். இதை 2011-12 ஆய்வோடு நேரே ஒப்பிடாதே. அப்போது ஒரே தடவை போய்க் கேட்டார்கள், 2022-23-இல் மூன்று தடவை போனார்கள். நடுவில் 2017-18 ஆய்வு முடிவையே வெளியிடவில்லை.

வீட்டு வருமானம் கூடியதா, உழைப்பவர் எண்ணிக்கை கூடியதா என்றும் பிரித்துப் பார். 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் வேலையில் இருந்தவர்கள் அல்லது வேலை தேடியவர்கள் 2017-18-இல் 23.3 சதவீதம், 2023-24-இல் 41.7 சதவீதம். இதில் பெரும்பங்கு சுயதொழிலும், சொந்த வயலில், கடையில் சம்பளமில்லா உதவியும்தான்.

மாநிலக் கணக்குக்கு ஓர் எச்சரிக்கை. தமிழ்நாடு 2024-25-இல் 11.19 சதவீதம் வளர்ந்தது என்பது இங்கே என்ன விளைந்தது என்ற கணக்கு. ஸ்ரீபெரும்புதூர் ஆலை லாபம் எந்த நாட்டுக்குப் போனாலும் அதில் இருக்கும். துபாயிலிருந்து மகன் அனுப்பும் பணம் இருக்காது.

கணக்கில் ஏறாத நல்லதையும் சொல்லிவிடு. கட்டணமில்லாப் பேருந்தில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மிச்சமாகும் பணமும், விலையில்லா ரேஷன் அரிசியும் அவள் வாழ்வில் பெரிய தொகை. வளர்ச்சி விகிதத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் குழாய்த் தண்ணீர் நின்று கேன் தண்ணீர் வாங்கினால் ஜி.டி.பி. கூடும்!

கடைசியில் உடம்பைப் பார். தேசியக் குடும்ப நல ஆய்வில் 2015-16-க்கும் 2019-21-க்கும் நடுவே வளர்ச்சி குன்றிய குழந்தைகள் 38.4-இலிருந்து 35.5 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆனால் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் 53-இலிருந்து 57 சதவீதமாகக் கூடினார்கள். இரண்டையும் போடு, ஒன்றை மட்டும் பொறுக்காதே.

கிராமத்துச் செலவில் உணவின் பங்கு 46.38-இலிருந்து 47.04 ஆனதை '0.66 சதவீதம் உயர்வு' என்று எழுதியிருக்கிறாய். அது 0.66 சதவீதப் புள்ளி. சதவீதமாகச் சொன்னால் 1.4. திருத்திவிட்டு அட்டவணையை முதலில் அனுப்பு, தலைப்பை அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அம்மா