நோட்டில் காலியாகக் கிடந்த பக்கங்கள்

அன்புள்ள தோழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறேன். ஐந்து மாதமாக உனக்குப் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. ஓட முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று உன்னிடம் சொல்ல மனம் வரவில்லை.

ஓட ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன், தெரியுமில்லையா? முதல் மூன்று மாதத்தைப் பார்த்தால் நீயே அசந்துபோவாய். 5 கிலோமீட்டரை நிற்காமல் ஓடினேன். அந்தத் தெம்பில் இரண்டே வாரத்தில் 9 கிலோமீட்டருக்குத் தாவினேன். அங்கேதான் தப்பு. இடது முன்னங்கால் எலும்பில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஓர் இடம், தொட்டாலே உயிர் போனது. பரவலாக வலித்தால் அவ்வளவு பயமில்லை, ஒரே புள்ளியில் வலித்தால் எலும்பைப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது, மயிரிழை போல ஒரு விரிசல். 8 வாரம் ஓடக்கூடாது.

மூச்சு சில வாரங்களில் பழகிவிடுகிறது. எலும்புக்கு மாதக்கணக்கு ஆகிறது. பாரம் கூடினால் உடம்பு முதலில் பழைய எலும்பை அரித்தெடுத்துவிட்டு, அப்புறம்தான் புதிதைக் கட்டுமாம். அந்த இடைவெளியில் எலும்பு பலவீனமாக இருக்கும். நான் சரியாக அந்த நேரத்தில்தான் அதைப் போட்டு அடித்திருக்கிறேன்.

நோட்டில் பதினாறு பக்கம் காலி. நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் நான் எழுதவில்லை, நடையெல்லாம் ஒரு கணக்கா என்று. ஒரு நாள் ராத்திரி என்ன தோன்றியதோ, பேனாவை எடுத்து "நடை 12 நிமிடம், வலி இல்லை" என்று எழுதினேன். எழுதிவிட்டு அழுதேன். அடுத்த நாள் 15. அப்புறம் 2 நிமிடம் நடை, 1 நிமிடம் ஓட்டம். நடுவில் காய்ச்சல் வந்து பத்து நாள் போனது, அதையும் எழுதி வைத்தேன். வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன்: ஓட்டம் 418 கிலோமீட்டர், நடை 530. நடைதான் அதிகம்!

இதை இன்று எழுதக் காரணம் உன் கடிதம்தான். முழங்கால் வலியால் தினம் 10,000 காலடி நடக்க முடிவதில்லை, அதனால் நடையையே விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அது மனசை அறுக்கிறது. அந்த 10,000 எந்த மருத்துவரும் அளந்து சொன்ன கணக்கு இல்லையடி. 1965-இல் ஜப்பானில் ஓர் அடிமானி, அதாவது காலடிகளை எண்ணும் கருவி, விற்பனைக்கு வந்தது. 'மான்போ-கெய்' என்று பெயர், 'பத்தாயிரம் அடி மானி' என்று அர்த்தம். அந்தப் பெயரிலிருந்து பரவிய எண் அது. அதைவிடக் குறைவாக நடந்தாலும் நல்ல பலன் உண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காகவா நீ செருப்பைக் கழற்றி வைத்தாய்?

முதலில் முழங்காலை டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. அவர் சரி என்றால் பத்து நிமிடம் நட. எத்தனை நிமிடம், வலி எப்படி என்று மட்டும் எனக்கு எழுது. உனக்கென்று என் நோட்டில் ஒரு பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி