அண்ணிக்கு: கல்லை அறுத்துவிட்டேன்

அண்ணி,

கல்லை அறுத்துவிட்டேன். எந்தக் கல் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் மெழுகுப் பென்சிலால் போட்டுவைத்த கோட்டின் மேலேயேதான் அறுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கடிதம் முழுவதையும் அந்தச் சந்தேகத்தோடேயே படிப்பீர்கள்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். நீங்கள் எடுக்க மாட்டீர்கள். எடுத்தாலும் "நல்லாருக்கியா" என்பீர்கள், நான் "ம்" என்பேன், அதோடு முடிந்துவிடும். இங்கே எழுதினால் கடைசி வரி வரைக்கும் படிப்பீர்கள் என்று தெரியும். அண்ணனும் படிப்பான். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் படிப்பார்கள். அதனால் சில இடங்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லைத் தோண்டியெடுத்த ஓடையின் பெயரையும் எழுதப்போவதில்லை. அந்த ஒரு ரகசியத்தையாவது நம் மூன்று பேரில் யாரும் இன்னும் வெளியே விடவில்லை.

ஏன் இப்போது என்று கேட்பீர்கள். அந்தக் கல்லை முழுசாகவே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் அண்ணனிடம் கேட்டிருக்கிறார். "சும்மாதானே அலமாரியில கெடக்கு, குடுத்துடலாமா?" என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. கடப்பாரை பிடித்தது அவன்தான், தலைக்கு மேல் வெயில் ஏறும்வரை மண்ணை அள்ளிக் கொட்டியதும் அவன்தான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு ராத்திரியே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பிளாஸ்டர் கரைத்து அதில் கல்லை உட்காரவைத்துவிட்டேன். உருண்டைக் கல்லை மெஷினின் இடுக்கிப்பிடி, அந்த வைஸ், நேராகப் பிடிக்காது, பாதி அறுப்பில் அசைந்தால் பிளேடு வளைந்து பாழாகிவிடும் என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள். மரக் கட்டை வைத்து அண்டைகொடுப்பதைவிட இதுதான் நல்லது என்று சொன்னதும் நீங்கள்தான். நான் உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றிருப்பீர்கள். அந்தக் கொஞ்ச நாளுக்கு முடிவே கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

கல் தேடிப் போன அந்தப் பயணத்தில் மற்றதெல்லாம் எனக்கு மங்கிவிட்டது. யார் வண்டி ஓட்டினார்கள், எங்கே தங்கினோம், ஒன்றும் சரியாக நினைவில்லை. நீங்கள் நடந்த விதம் மட்டும் அப்படியே இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம். விடிந்ததும் சூரியனுக்கு எதிர்முகமாக ஓடையில் நடக்கச் சொன்னீர்கள். கண் கூசுகிறது என்று நான் சிணுங்கினேன். "கூசட்டும். வெளிச்சத்த உள்ள விடுற கல்லு மட்டும் தானா ஒளிரும், மத்ததெல்லாம் கறுப்பாத்தான் தெரியும்" என்றீர்கள். நாலு அடி தள்ளி ஒரு சில்லு தேன் நிறத்தில் ஒளிர்ந்தது. நான் பார்த்த முதல் அகேட் அது, உள்ளே வரி வரியாக இருக்குமே, அந்தக் கல். பேனாக்கத்தியால் கீறச் சொன்னீர்கள். கீறினேன், கல்லில் ஒன்றும் ஆகவில்லை, கத்தியின் இரும்புதான் கல்மேல் சாம்பல் கோடாகப் படிந்தது. கல்லின் கடினத்தை அளக்கிற மோஸ் அளவில் அகேட் 6.5-லிருந்து 7, கத்தி 5.5 பக்கம்தான் என்று பள்ளிக்கூட டீச்சர் மாதிரி விளக்கினீர்கள். அண்ணன் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி முகத்தைக் கோணிக் காட்டினான்.

பிறகு சில்லுகளைப் பின்தொடர்ந்து மேலே ஏறினோம். தண்ணீர் உருட்டிக்கொண்டு வந்ததுதானே, எந்த இடத்தில் சில்லு கிடைப்பது நின்றுபோகிறதோ அதற்குப் பக்கத்துக் கரையில்தான் தாய்ப்பாறை இருக்கும் என்றீர்கள். இருந்தது. மக்கிப்போன பசால்ட் என்கிற எரிமலைப் பாறை, கையால் உதிர்த்தாலே உதிர்ந்தது. எரிமலைக் குழம்பு ஆறும்போது உள்ளே மாட்டிக்கொண்ட வாயுக் குமிழிகள் குழியாக நின்றுவிடும், அந்தக் குழிகளுக்குள் சிலிக்கா கலந்த நீர் கசிந்து சுவர் ஓரத்திலிருந்து உள்நோக்கி வரி வரியாகப் படியும், பாறை மக்கி மண்ணானாலும் இது மக்காது. தோண்டிக்கொண்டே இதையெல்லாம் சொன்னீர்கள். வெளிவரிதான் மூத்தது, நடுதான் இளையது என்று சொன்னது எனக்கு ரொம்ப நாள் தலைகீழாகவே பதிந்திருந்தது.

அந்தக் கல் வெளியே வந்தபோது அழகாகவே இல்லை. பச்சைத் தோல், மேலெல்லாம் அம்மைத் தழும்பு. மூன்று கிலோ இருக்கும். நீங்கள் கையுறையைக் கழற்றிவிட்டுத் துடைத்தீர்கள்.

"உள்ள என்ன இருக்குன்னு பாக்காம இத வண்டி வரைக்கும் யாரு சுமக்குறது?" என்றான் அண்ணன்.

"தட்டாதீங்க. விரிசல் உள்ள ஓடிரும். வீட்ல போயி அறுத்துக்கலாம்."

"ஒரே தட்டு."

சுத்தியல் மேலே போனது. நீங்கள் கத்தவில்லை, அவன் கையைப் பிடிக்கவில்லை. கல்லின் மேல் உங்கள் உள்ளங்கையை வைத்தீர்கள், அவ்வளவுதான். வெறுங்கை.

அவன் அடிக்கவில்லை. இதை அழுத்தியே எழுதுகிறேன், படிக்கிறவர்கள் இல்லாததைக் கட்டிக்கொள்ள வேண்டாம். அடித்திருக்கவும் மாட்டான், என் அண்ணனை எனக்குத் தெரியும். சுத்தியலை இறக்கிவிட்டு, "கல்லு மேல அவ்ளோ ஆசையா!" என்று சிரித்தான். நான் சிரித்தேன். கடைசியில் நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் அவன் சுத்தியலைப் பையில் போட்டு வாரை இழுத்துக் கட்டிய பிறகும் உங்கள் கை அங்கேயேதான் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்தேன்.

இதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கேட்டுவிடுகிறேன். மன்னித்துவிடுங்கள். ஆனால் நான் என்ன செய்திருக்க முடியும், சொல்லுங்கள். வெயில், எல்லோருக்கும் பசி, இன்னும் அவ்வளவு தூரம் ஒரே வண்டியில் திரும்ப வேண்டும். யாராவது சிரித்து வைத்தால் அந்தப் பொழுது அப்படியே போய்விடும் என்பது எங்கள் வீட்டில் கடைக்குட்டிக்குத்தான் தெரியும். நான் பேசப் பழகினதிலிருந்து அந்த வேலையைத்தான் பார்த்துவருகிறேன். நீங்களும் சிரித்தீர்களே அண்ணி. நீங்கள் சிரிக்காமல் என்னை ஒரு பார்வை பார்த்திருந்தால், அன்றைக்கே நான் ஏதாவது... சரி, விடுங்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் பிறகு நடந்தது வேறு. அதற்கும் இந்தக் கல்லுக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமில்லை என்றே இங்கே வைத்துக்கொள்வோம்.

எனக்கு உங்கள் மேல் கோபமும் இருக்கிறது. நீங்கள் அண்ணனை விட்டுப் போனது உங்கள் கணக்கு, அதில் நான் தலையிடமாட்டேன். என்னை எதற்கு விட்டுப் போனீர்கள்? 80, 220, 600 என்று சொரசொரப்பு குறைந்துகொண்டே போகிற மூன்று சாணைச் சக்கரம் வரைக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு, 1200-ம் 3000-ம் அடுத்த முறை என்றீர்கள். அடுத்த முறை வந்து பார்த்தால் சக்கரங்கள் இல்லை, உங்கள் தூசி மாஸ்க் இல்லை, கல்லை மெழுகால் ஒட்டிப் பிடிக்கிற டாப் குச்சிகள்கூட இல்லை. அறுக்கும் மெஷினை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தீர்கள். எனக்காக என்று கொஞ்ச நாள் நினைத்துப் பெருமைப்பட்டேன். தூக்க முடியாததால் விட்டது என்று அண்ணன்தான் சொன்னான்.

மீதியை நானே கற்றுக்கொண்டேன், கல்லைப் பாழாக்கிப் பாழாக்கி. கல்லைச் சூடாக்காமல் மெழுகில் ஒட்டினால் சக்கரத்தில் பட்டதுமே குச்சியை விட்டுப் பறந்துவிடும். கடைசிப் பாலிஷ் பொடியான சீரியம் ஆக்சைடு வரைக்கும் போய், ஈரம் காய்ந்த பிறகு பார்த்தால் நடுவில் வெள்ளையாக ஒரு கீறல் நிற்கும். அது பாலிஷில் வந்த கீறல் இல்லை, 80-இல் விழுந்ததை 220-இல் முழுசாக எடுக்காமல் நான் அவசரப்பட்டது. திரும்பக் கீழே இறங்கி முதலிலிருந்து தேய்க்க வேண்டும். பக்கத்தில் நின்று ஒரே ஒரு தடவை நீங்கள் சொல்லியிருந்தால் போதும், அத்தனை கல் வீணாகியிருக்காது.

ஆனால் தண்ணீர் இல்லாமல் மட்டும் இன்றுவரை சாணை பிடித்ததில்லை. அண்ணன் ஒரு நாள் "ஒரு நிமிஷ வேலைதானே" என்று உலர்ந்த கல்லையே சக்கரத்தில் வைத்தபோது, நீங்கள் ஒன்றும் பேசாமல் போய் பிளக்கைப் பிடுங்கினீர்கள். அப்புறம் கம்பாத்தைப் பற்றிச் சொன்னீர்கள். சிந்துவெளிக் காலத்திலிருந்து குஜராத்தில் மணி செய்துவரும் கைகள், அந்தத் தொழிலாளர்கள் கல் தூசியைச் சுவாசித்துச் சிலிகோசிஸ் வந்து இளவயதிலேயே போய்ச்சேருகிறார்கள், நுரையீரலில் ஏறின தழும்பு ஆறாது, அதற்கு மருந்தும் இல்லை. நம் கொடுமணலில் தோண்டியெடுத்த சூதுபவள மணிகளின் படத்தை அதுவரை எவ்வளவு ஆசையாகக் காட்டிக்கொண்டிருந்தீர்கள்! அன்றைக்குப் பிறகு எனக்கு அந்த மணிகளைப் பார்த்தால் துளை போட்டவன் எப்படி மூச்சு விட்டிருப்பான் என்றுதான் தோன்றுகிறது. இப்போது எனக்கும் சொந்தமாக மாஸ்க் இருக்கிறது. ஃபில்டரை மாற்றத் தவறுவதில்லை.

இன்னொன்று. உங்கள் பிறந்தநாளுக்கு அண்ணன் வாங்கிவந்த பளீர் நீல அகேட் துண்டு. எவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொண்டீர்கள்! அவன் அந்தப் பக்கம் போனதும் என் காதில், "சாயம். ஜெர்மனியில இடார்-ஓபர்ஸ்டைன்ல போன நூற்றாண்டுக்கும் முந்தியே இந்த வித்தைய பழக்கிட்டாங்க. சர்க்கரைத் தண்ணியில ஊறவச்சு, கந்தக அமிலத்துல போட்டா கறுப்பு. மத்த நிறத்துக்கு வேற உப்பு" என்றீர்கள். அவனிடம் கடைசிவரை சொல்லவில்லை. ஜன்னலில் வெயில் படுகிற இடத்தில் வைத்திருந்தீர்கள். போகும்போது அதை எடுத்துக்கொண்டுதான் போனீர்கள், எனக்குத் தெரியும். அண்ணா, நீ இதைப் படித்துக்கொண்டிருந்தால், ஆமாம், அது சாயம் போட்ட கல்தான்.

அறுப்புக்கு வருகிறேன். எண்ணெயில்தான் அறுத்தேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. நடுவில் சத்தம் மாறியபோது பயந்து நிறுத்தப் போனேன். அவசரப்பட்டு மூடியைத் திறக்காதே என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்ததால் நிறுத்தவில்லை. திறந்து பார்த்தால், ஒரு பக்கம் தோலை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு வரிகள். சாம்பல், அப்புறம் செங்காவி, அப்புறம் மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளை. அந்தப் பக்கம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. மீதியெல்லாம் வரியில்லாத குவார்ட்ஸ். நடுவில் கட்டைவிரல் நுழைகிற மாதிரி ஒரு குழி, அதற்குள் படிகங்கள்.

உங்கள் கோடு தப்பு, அண்ணி. வெளியே தெரிந்த அந்தச் சின்னப் பள்ளம்தான் சிலிக்கா உள்ளே போன வாய்க்கால் என்றும், கோடு அதன் நடுவே போகும் என்றும் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னீர்கள். அறுப்பில் வாய்க்காலே வரவில்லை. வரிகள் சாய்கிற திசையைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளி, ஒரு பாதிக்குள் இருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று தகடு இணையாக அறுத்துக்கொண்டே போனால் கிடைக்கலாம், நடுவிலேயே முடிந்தும் போயிருக்கலாம். எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது!

அந்தப் பாதி உங்களுக்கு. சோப்புப் போட்டு எண்ணெயை எடுத்துவிட்டேன், பிளேடு கோடுகளைத் தேய்க்கவில்லை. மேற்கொண்டு அறுப்பதா அப்படியே வைப்பதா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். அண்ணன் பங்கை என் பாதியிலிருந்து ஒரு தகடாக அறுத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ கோட்டுலயா அறுத்த?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

பார்சல் அனுப்ப முகவரி வேண்டும். எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

அப்புறம் ஒரு சந்தேகம். என் பாதியைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். குழியின் ஓரத்துப் படிகங்கள் 220-இலேயே பொடிந்து பொடிந்து வருகின்றன, அந்தத் துகள் குழிக்குள் தங்கி அடுத்த சக்கரத்தில் போய்க் கீறுகிறது. குழியை மெழுகால் அடைத்துவிட்டுத் தேய்த்து, பாலிஷ் முடிந்ததும் உருக்கி எடுத்துவிடலாமா? அல்லது மெழுகு சூட்டில் குவார்ட்ஸ் பக்கம் விரிசல் விடுமா? மற்ற எதற்கும் பதில் போடாவிட்டாலும் இதற்குப் போடுங்கள், சக்கரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.