முதல் பிரஷர் மாத்திரை எது?

ஆசிரியருக்கு,

ரத்த அழுத்தத்துக்குச் 'சிறந்த' மாத்திரை என்று ஒன்று கிடையாது. தயாசைடு வகை நீர் மாத்திரை, அம்லோடிபின் போன்ற கால்சியம் தடுப்பான், எனலாப்ரில் போன்ற ஏசிஇ தடுப்பான் (ரத்தக் குழாயை இறுக்கும் ஹார்மோன் உருவாவதைத் தடுப்பது), டெல்மிசார்டான் போன்ற ஏஆர்பி (அதே ஹார்மோன் வேலை செய்வதைத் தடுப்பது) ஆகிய நான்கில் ஒன்றைக் கொண்டு தொடங்கலாம். அட்டெனொலால் போன்ற பீட்டா தடுப்பான்களுக்கு இந்த வரிசையில் இடமில்லை. அவற்றைத் தர இதய நோய் போன்ற தனிக் காரணம் வேண்டும்.

எதை எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கூடவே இருக்கும் நோய்தான். சிறுநீரில் புரதம் ஒழுகினால் ஏசிஇ அல்லது ஏஆர்பி. இரண்டையும் சேர்த்துத் தரக் கூடாது. பொட்டாசியம் ஏறும், சிறுநீரகம் பாதிக்கும். கர்ப்பத்தில் இரண்டுமே ஆகாது. இவற்றில் ஒன்றைத் தொடங்கிய சில வாரங்களுக்குள் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு), பொட்டாசியம் பார்க்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இந்தப் பரிசோதனைதான். யூரிக் அமில மூட்டுவலி உள்ளவருக்குத் தயாசைடைத் தவிர்ப்பது நல்லது.

அம்லோடிபின் 10 மி.கி.யில் கணுக்கால் வீங்கினால் நீர் மாத்திரை சேர்ப்பது பெரும்பாலும் வீண். அது உடலில் உப்பு தேங்கியதால் வந்த வீக்கமல்ல. நுண்தமனிகள் விரிந்ததால் கசிந்த நீர். மருத்துவர் அதை 5 மி.கி. ஆக்கி ஏஆர்பி சேர்த்தால் பெரும்பாலும் வடியும். வறட்டு இருமலா? சிரப் எழுதும் முன் சீட்டில் ஏசிஇ மருந்து இருக்கிறதா என்று பாருங்கள்; இருமலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு பொது மருத்துவர்