ஏழு அடுக்கு

தாராவி, மும்பை
மார்கழி 12

எய்யா ராசா,

வேலை கிடைத்த சேதியை நீ போனில் சொன்னபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாதிதான் காதில் விழுந்தது. லேப்பில் வேலை என்றதும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து கோடவுன் சேட் எட்டிப் பார்த்தார். ராத்திரி உன் அப்பாதான் மீதியைச் சொன்னார். சாஸும் ஊறுகாயும் அடைக்கிற உறைக்கு ஏழு அடுக்கு ஃபிலிம் செய்வதுதான் உன் முதல் வேலையாம். அப்போதிருந்து தூக்கம் சரியில்லை. எனக்குச் சந்தோஷம் இல்லை என்று நினைத்துவிடாதே. போனில் பேசினால் ‘சரிம்மா, சரிம்மா’ என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

தேரா காம்பவுண்டில் பங்கார், பழைய சாமான், பிரிக்க உட்கார்ந்து எனக்கு 22 வருஷம் ஆகிறது. படிப்பு பத்தாவதோடு சரி. கெமிஸ்ட்ரி எல்லாம் நீ சத்தம் போட்டுப் படித்ததைக் கேட்டதுதான். நீ விட்டுப்போன நோட்டு அலமாரியில் இருக்கிறது. அதில் அடர்த்தி எழுதின பக்கம் எனக்கு மனப்பாடம்: மூடிப் பிளாஸ்டிக் பிபி 0.90, எச்டி 0.95, தண்ணீர் 1, பாட்டில் பிளாஸ்டிக் பெட் 1.38. அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்றைக்குத்தான், நம் நீல டிரம்மில் தினமும் நடப்பது என்ன என்று எனக்குப் புரிந்தது.

தண்ணி பாட்டிலை மூடியோடு அரைத்து டிரம்மில் கொட்டுகிறோம். கையை விட்டு ஒரு கலக்கு கலக்கினால் மூடித் தூள் மேலே வந்துவிடும், பாட்டில் தூள் அடியில் படியும். சல்லடையால் மேலே இருப்பதை அள்ளிவிட்டால் வேலை முடிந்தது. கரண்டும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். கெட்டிப் பிளாஸ்டிக் உடைசல் வந்தால் கல்லுப்பைக் கரைப்போம். உப்புத் தண்ணீர் கனத்ததும், வெறும் தண்ணீரில் முங்கிக் கிடந்த பாலிஸ்டைரின் மேலே ஏறிவிடும். பிவிசி அடியிலேயே கிடக்கும். சாதி பார்ப்பதென்றால் பிளாஸ்டிக்கிடம் மட்டும்தான் பார்க்கணும் என்று உன் அப்பா சொல்வது இந்த டிரம் பக்கத்தில் நின்றுதான்.

டிரம் கைவிட்ட கதையும் உண்டு. போன ஆடியில் 600 கிலோ பெட் தூள் திரும்பி வந்ததை உன்னிடம் சொல்லவில்லை, உனக்குப் பரீட்சை நேரம். பாட்டிலைச் சுற்றியிருந்த லேபிள் பிவிசி. பெட்டும் பிவிசியும் ஏறக்குறைய ஒரே கனம், ரெண்டும் சேர்ந்தே முங்கும். பெட் உருகுவதற்கு 260 டிகிரி போல வேண்டும். அந்தச் சூட்டில் பிவிசி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கிவிடும், அந்த அமிலம் பெட்டின் நீளச் சங்கிலியை அங்கங்கே அறுத்துவிடும். ஒரு டன்னில் 100 கிராம் கலந்தாலே சரக்கு பழுத்துப்போகும். நம் லோடில் அதற்கு மேலேயே இருந்திருக்கும். கடைசியில் பாதி விலைக்குத் தள்ளினோம். இப்போது சந்தேகம் வந்தால் செம்புக் கம்பியைக் காய்ச்சித் துண்டில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுகிறேன். பச்சைச் சுடர் வந்தால் பிவிசி. உன் நோட்டில் அதற்கு பைல்ஸ்டைன் சோதனை, 1872 என்று போட்டிருக்கிறது. இங்கே அதற்குப் பேரெல்லாம் கிடையாது. அந்தப் புகை ஆகாது என்று நீ திட்டியதால் அடிக்கடி செய்வதில்லை.

சரி, உன் ஏழு அடுக்குக்கு வருகிறேன். அது ஏன் வேண்டும் என்று நீ போன தீபாவளிக்குச் சொன்னது நினைவிருக்கிறது. பாலித்தீன் ஈரத்தை உள்ளே விடாது, ஆனால் ஆக்ஸிஜனை விட்டுவிடும். ஈவிஓஎச் என்கிற இன்னொரு பிளாஸ்டிக் ஆக்ஸிஜனை நிறுத்தும், ஆனால் ஈரம் பட்டால் சோர்ந்துபோகும். ரெண்டும் ஒட்டாது, ஆகவே நடுவில் ஒட்டுவதற்கென்று ஓர் அடுக்கு. கேட்கும்போது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சாமான் கெட்டுப்போனால் அதுவும் நஷ்டம்தானே. பாக்கெட் ஷாம்பூவையும் நான் சபிக்கமாட்டேன். கடலூர் சின்னிகிருஷ்ணன் மாதிரி ஆட்கள் அதைக் கொண்டுவந்த பிறகுதான், பாட்டில் வாங்க வழியில்லாத எங்கள் தெருவுக்கு ஷாம்பூ வந்தது.

ஆனால் அடுக்கடுக்காக ஒட்டின அந்தப் பாக்கெட்டை இந்தக் காம்பவுண்டில் யாரும் தொடுவதில்லை. டிரம்மில் போட்டால் எல்லா அடுக்கும் ஒன்றாகவே மிதக்கும், இல்லாவிட்டால் ஒன்றாகவே முங்கும். கலக்கிறது உங்களுக்கு ஒரு நொடி. பிரிக்கிறது யார்? குப்பை மேட்டுக்குப் போகும், அல்லது சிமெண்ட் சூளையில் எரியும். பூமிக்கடியில் கோடி வருஷம் கிடந்த எண்ணெய் ஒரே ஒரு தடவை ஊறுகாய் சுமந்துவிட்டு முடிந்துபோகிறது. அலுமினியத்தைப் பார். கேனை உருக்கினால், பாக்சைட்டிலிருந்து புதிதாக எடுக்கிற சக்தியில் 20-இல் ஒரு பங்கு போதும். அதனால் நம் தெருவில் ஒரு கேன் பத்து நிமிஷம் கிடக்காது. அதே அலுமினியம் சிப்ஸ் பாக்கெட்டின் உள்ளே பூச்சாக மின்னிக்கொண்டு கிடக்கிறது, ஒருவரும் குனிவதில்லை.

நாங்களும் யோக்கியம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். லேபிள் பசை போகக் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவுகிற சுடுதண்ணீர் சாக்கடை வழியாக மித்தி ஆற்றில்தான் கலக்கிறது. தொட்டி கட்டித் தெளியவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று நீ வரைந்து கொடுத்த படம் சுவரில்தான் தொங்குகிறது. இடம் இல்லை என்பது உன் அப்பா பேச்சு. காசு இல்லை என்பதுதான் நிஜம்.

அங்கே உன் சீனியர்கள் எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எவ்வளவு விலை என்று கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் பெரும்பகுதி பாலித்தீனாகவே வைத்து, ஈவிஓஎச்சை நூற்றுக்கு ஐந்துக்குள் நிறுத்தினால் அப்படியே உருக்கித் தாணா, பிளாஸ்டிக் மணி, ஆக்கலாம் என்று நீதானே சொன்னாய்? அதைப் போன வாரம் இங்கே தாணா போடுகிறவரிடம் கேட்டேன். ‘கொண்டுவரச் சொல்லு அக்கா, பார்க்கலாம்’ என்றார். முடியாது என்று சொல்லவில்லை.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? 90 அடி ரோட்டில் இந்த வருஷமும் பானை வைக்கிறோம். வரும்போது உன் ஃபிலிமில் ஒரு கிலோ வெட்டுத்துண்டு இருந்தால் கொண்டு வா, மேலே அச்சடித்ததும் அடிக்காததும் தனித்தனியாக. முதலில் டிரம்மில் போடுவோம், அப்புறம் தாணா போடுகிறவரிடம் கொடுப்போம். சாயம் போகுமா என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, கேட்டு வை.

அம்மா